ஃப்ரெஸ்கோ: கூலூம் விசையையும் அணுக்கரு விசையையும் ஒரே கணக்கில் எடுக்கும் நிரல் – ஒரு மதிப்புரை

ஓர் அணுக்கருவின் மீது இன்னோர் அணுக்கருவை எறிந்தால், அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்பதைக் கணக்கிட்டுத் தரும் நிரல்கள் பல இருக்கின்றன. அவற்றுள் நான் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது இயன் தாம்சன் எழுதிய ஃப்ரெஸ்கோ. இதன் கோட்பாட்டையும் கணக்கிடும் முறையையும் அவர் 1988இல் ஒரு விரிவான கட்டுரையில் விளக்கினார். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட இந்நிரல் அதன் பின்னரும் தொடர்ந்து வளர்ந்து, இப்போது ஃப்ரெஸ்காக்ஸ் என்னும் வடிவில் கிட்ஹப் என்னும் நிரல் பகிர்வுத் தளத்தில் மூல நிரலுடன் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதில் உள்ள வசதிகள் அனைத்தையும் ஒரே மதிப்புரையில் சொல்லிவிட முடியாது. ஆகவே, கூலூம் விசை எனப்படும் மின்விசையும் அணுக்கரு விசையும் சேர்ந்து செயல்படும் சிதறலை இது எவ்வளவு நம்பகமாகக் கணக்கிடுகிறது, அந்த நம்பகத்துக்காகப் பயனர் என்ன உழைப்பைத் தர வேண்டியிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கு ஏன் எளிதன்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். அணுக்கரு விசை கரு விளிம்பைத் தாண்டிச் சில ஃபெர்மி தொலைவுக்குள் அடங்கிவிடும். மீட்டரை ஆயிரம் இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு ஃபெர்மி. கூலூம் நிலையாற்றலோ தொலைவுக்கு எதிர்விகிதத்தில் மெல்லக் குறையுமே தவிர, எங்கும் முடிவதில்லை. எவ்வளவு தொலைவில் சென்றாலும் துகள் சிறிதளவேனும் வளைகிறது என்பதால், கூலூம் சிதறலின் மொத்தக் குறுக்குவெட்டு (சிதறல் நிகழும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு) முடிவிலியாகிவிடுகிறது. அலைச்சார்பைக் கோண உந்தவாரியாகப் பகுதி அலைகளாகப் பிரித்துக் கூட்டும் வழக்கமான முறையும் கூலூம் விசைக்கு ஒருங்குவதில்லை. எத்தனை அலைகளைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை நிலைகொள்ளாது. இதற்கான வழி பழையது, அழகானது. கூலூம் விசைக்கான சிதறல் வீச்சு (சிதறிய அலையின் அளவையும் கட்டத்தையும் தரும் எண்) மூடிய வடிவில் துல்லியமாகத் தெரியும் என்பதால் அதைத் தனியே எழுதிவிட்டு, அணுக்கரு விசை ஒவ்வொரு பகுதி அலையிலும் உண்டாக்கும் மாற்றத்தை மட்டும் கூட்டினால் போதும். அந்த மாற்றம் உயர்ந்த கோண உந்தங்களில் விரைவாகச் சுழியமாகிவிடுவதால் கூட்டுத்தொகை ஒருங்கிவிடுகிறது.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நாம் கூட்டுவது குறுக்குவெட்டுகளை அல்ல, வீச்சுகளை. வீச்சு ஒரு கலப்பெண். கூலூம் வீச்சையும் அணுக்கரு வீச்சையும் கூட்டிய பின்னரே இருமடியாக்குகிறோம். எனவே இரண்டும் சில கோணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில கோணங்களில் ஒன்றையொன்று அழிக்கும். ‘மின்விசைப் பங்கு இவ்வளவு, அணுக்கருப் பங்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு’ என்று மூன்று எண்களை எழுதிக் கூட்டிக் காட்டும் கட்டுரைகளை இன்றும் காண நேர்கிறது. அக்குறுக்கீட்டை விட்டுவிட்டால் சிதறலின் உயிரான பகுதியையே விட்டுவிட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். ஃப்ரெஸ்கோவை நான் பற்றிக்கொண்டதற்கு முதற்காரணம், அது இவ்விரண்டையும், குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஸ்ரோடிங்கர் சமன்பாடு ஒன்றுக்குள் வைத்துத் தீர்க்கிறது என்பதுதான்.

நிறுவுவதில் சிக்கல் ஏதுமில்லை. ஃபோர்ட்ரான் தொகுப்பி ஒன்று கணினியில் இருந்தால் சில நிமிடங்களில் இயங்கத் தொடங்கிவிடும். திரையில் பொத்தான்கள், பட்டியல்கள் ஏதும் கிடையா. ஓர் உரைக்கோப்பில் நேம்லிஸ்ட் எனப்படும் தொகுதிகளாக விவரங்களை எழுதி நிரலுக்கு ஊட்ட வேண்டும். முதல் தொகுதியில் தொகையீட்டின் (சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்ப்பதன்) படியளவு, ஆர எல்லை, கோண உந்த எல்லை, கோண வரம்பு, எறிதுகளின் ஆற்றல் ஆகியன வரும், அடுத்ததில் எறிதுகளும் இலக்கும், அவற்றின் நிறை, மின்னூட்டம், தற்சுழற்சி, அதற்கடுத்து நிலையாற்றல்கள், தேவையானால் கருவின் ஒரு நிலையை இன்னொரு நிலையோடு இணைக்கும் பிணைப்புகள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு சாய்கோட்டில் முடிய வேண்டும். அந்த ஒரு சாய்கோட்டை மறந்தால் அடுத்த தொகுதியையும் இதன் தொடர்ச்சியாகவே படிக்க முயன்று, பிழை இருக்கும் வரிக்குத் தொடர்பில்லாத வேறொரு வரியைச் சுட்டி நிரல் நின்றுவிடும். புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. எனினும் இந்த உரைக்கோப்பு முறையை நான் குறையாகக் கருதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பை இன்று எடுத்து ஓட்டினாலும் அன்று நான் என்ன கேட்டேன் என்பது எழுத்தில் இருக்கிறது. சொடுக்கிச் சொடுக்கிக் கணக்கிடும் மென்பொருள்களில் இந்தத் தடம் எஞ்சுவதில்லை.

முதல் சோதனையாக நான் எவருக்கும் பரிந்துரைப்பது ரூதர்ஃபோர்டு சிதறல், அதாவது மின்விசையால் மட்டும் நிகழும் சிதறல். 5 எம்.இ.வி. (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள ஆல்ஃபா துகள் தங்கத்தின் மீது விழுகிறது என்று கொள்வோம். மின்னூட்டப் பெருக்கற்பலன் 2 பெருக்கல் 79, அதாவது 158; அதை மின்விசைக்குரிய மாறிலியான 1.44 எம்.இ.வி.-ஃபெர்மியால் பெருக்கினால் 227.5. நிறைமையச் சட்டகத்தில் ஆற்றல் 4.9 எம்.இ.வி. என்பதால், நான்கு மடங்கு ஆற்றலான 19.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.6 ஃபெர்மி; அதன் இருமடி 135 சதுர ஃபெர்மி. 90 பாகையில் அரைக்கோணத்தின் சைன் நான்குமடி கால் ஆகிவிடுவதால், விடை 540 சதுர ஃபெர்மிக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஸ்டெரேடியன் என்னும் திண்மக் கோண அலகுக்கு 5.4 பார்ன் (ஒரு பார்ன் 100 சதுர ஃபெர்மி). நேருக்கு நேர் மோதினால் கூட ஆல்ஃபா துகள் நெருங்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவு 46 ஃபெர்மி. தங்கக் கருவின் ஆரமோ 7 ஃபெர்மி அளவே. ஆகவே அணுக்கரு விசைக்கு இங்கே வேலையே இல்லை.

நிரல் தன் வெளியீட்டில் ஒவ்வொரு கோணத்துக்கும் குறுக்குவெட்டை மில்லிபார்னிலும், அதன் அருகிலேயே ரூதர்ஃபோர்டு மதிப்புக்கான விகிதத்தையும் அச்சிடும். பலர் அந்த விகிதம் 1 என்று வந்ததும் மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது. கூலூம் வீச்சை நிரல் வாய்பாட்டிலிருந்தே நேரடியாகச் சேர்ப்பதால், அணுக்கரு நிலையாற்றல் இல்லாதபோது விகிதம் 1 என்றுதான் வரும். இலக்கின் அணு எண்ணை 79க்குப் பதிலாக 97 என்று எழுதியிருந்தாலும் அப்படியே வரும். ஒப்பிட வேண்டியது காகிதத்தில் போட்ட அந்த 5.4 பார்னை, அச்சான மில்லிபார்ன் எண்ணோடு. இரண்டும் பொருந்தினால்தான் மின்னூட்டம், நிறை, ஆற்றல் மூன்றும் கோப்பில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது சோதனையில்தான் இயற்பியல் தொடங்குகிறது. ஆல்ஃபா துகளை ஈயத்தின் மீது விட்டு, 60 பாகையில் நின்றுகொண்டு ஆற்றலை மெல்ல உயர்த்தினால், 27 எம்.இ.வி. அளவு வரை ரூதர்ஃபோர்டு வாய்பாடு பொருந்திவந்து, அதன் பின் குறுக்குவெட்டு செங்குத்தாகச் சரிகிறது. 1954இல் ஃபார்வெல், வெக்னர் இருவரும் கனமான கருக்களின் மீது ஆல்ஃபா துகள்களைச் சிதறச் செய்து வெளியிட்ட அளவீடுகள் இந்தச் சரிவைத் தெளிவாகக் காட்டின. செவ்வியல் பாதையைக் கொண்டு கணக்கிட்டால், 27.5 எம்.இ.வி.யில் 60 பாகைக்கு வளையும் ஆல்ஃபா, ஈயக் கருவின் மையத்திலிருந்து சுமார் 13 ஃபெர்மி தொலைவு வரை நெருங்கியிருக்கும். அதாவது ஆல்ஃபாவின் விளிம்பும் ஈயத்தின் விளிம்பும் இன்னும் முழுமையாகத் தொட்டுக்கொள்ளாத நிலையிலேயே அணுக்கரு விசையின் வால் துகள்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகிறது. நிலையாற்றலில் ஒரு கற்பனைப் பகுதியைச் சேர்த்து, உட்கவரப்படும் துகள்கள் மீள் சிதறலிலிருந்து (கருக்களின் நிலை மாறாத சிதறலிலிருந்து) மறைவதைக் காட்டும் ஒளியியல் மாதிரியை ஃப்ரெஸ்கோவில் எழுதி, நல்ல அளவுருக்களைக் கொடுத்தால், அந்தச் சரிவு வரைபடத்தில் அப்படியே வந்து நிற்கும். சரிவுக்குச் சற்று முன்னால் விகிதம் 1ஐத் தாண்டி ஒரு சிறு மேடாக எழுந்து பின் இறங்கும் இடம் இருக்கிறதே, அது கூலூம் அலையும் அணுக்கரு அலையும் குறுக்கிடுவதன் கையெழுத்து. அந்த மேட்டை முதன்முதலாக என் திரையில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

நல்ல அளவுருக்களைக் கொடுத்தால் என்று சொன்னேன். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நானும் விழுந்திருக்கிறேன். ஃப்ரெஸ்கோ நிலையாற்றலின் ஆரத்தைக் கணக்கிட, நாம் தரும் ஆர அளவுருவை எறிதுகள், இலக்கு ஆகிய இரண்டின் நிறை எண்களின் கனமூலங்களது கூட்டுத்தொகையால் பெருக்கும். ஆனால் புரோட்டான், ஆல்ஃபா போன்ற இலேசான துகள்களுக்கான அளவுருப் பட்டியல்கள் பெரும்பாலும் இலக்கின் கனமூலத்தை மட்டும் கொண்டு எழுதப்பட்டவை. ஆர அளவுரு 1.2 ஃபெர்மி என்று ஒரு பட்டியல் சொன்னால், ஈயம் 208க்கு அதன் பொருள் 7.1 ஃபெர்மி. அதே 1.2ஐ, எறிதுகளின் நிறை எண் 4 என்ற விவரத்தோடு சேர்த்து நான் கோப்பில் எழுதியபோது, நிரல் எடுத்துக்கொண்ட ஆரம் 9 ஃபெர்மி. வேறுபாடு 1.9 ஃபெர்மி, அடுக்குக்குறியில் குறையும் வாலின் மீது அது செய்யும் மாற்றம் மிகப் பெரியது. வரைகோடு வழவழப்பாக, பார்ப்பதற்கு முற்றிலும் நியாயமாக இருந்தது. சரிவு மட்டும் தவறான கோணத்தில் வந்தது. இரண்டு நாள் தேடிய பின்னரே, நிலையாற்றல் தொகுதியில் எறிதுகளின் நிறை எண்ணைச் சுழியமாக்கினால் இலக்கின் ஆரம் மட்டும் கணக்கில் வரும் என்பது உறைத்தது. இது நிரலின் பிழையன்று. கையேட்டில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும், ஒரு பட்டியலிலிருந்து எண்களை எடுக்கும் ஒவ்வொரு முறையும், அது எந்த மரபில் எழுதப்பட்டது என்று பார்த்து, ஆரத்தை ஃபெர்மியில் கைப்படப் போட்டுக்கொள்வது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது. புரோட்டான், நியூட்ரான் சிதறலுக்குக் கோனிங், டெலரோஷ் இருவரும் 2003இல் தந்த உலகளாவிய அளவுருத் தொகுதி நல்ல தொடக்கம், 1 கே.இ.வி. (ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்) முதல் 200 எம்.இ.வி. வரை, நிறை எண் 24 முதல் 209 வரை அது பொருந்தும். அங்கும் ஆரம் இலக்கின் கனமூலத்தால் மட்டும்தான்.

எண்முறைத் துல்லியத்தைப் பொறுத்தவரை மூன்று எல்லைகளைப் பயனரே தீர்மானிக்க வேண்டும்: தொகையீட்டின் படியளவு, கூலூம் சார்புகளோடு அலைச்சார்பைப் பொருத்தும் ‘ஆர்மேட்ச்’ ஆரம், கூட்டலை நிறுத்தும் ‘ஜேடிமேக்ஸ்’ என்னும் கோண உந்தம். மேலே சொன்ன ஆல்ஃபா–ஈயம் கணக்கில் 60 பாகைக்கு உரிய செவ்வியல் கோண உந்தம் 17 அளவு. ஆகவே கூட்டலை 20இல் நிறுத்தினால் சரியாக இருக்குமென்று தோன்றும். ஆனால் மெல்லிய வாலின் விளைவு அதற்கு மேலும் நீள்வதால் 40 அல்லது 50 வரை போவதே பாதுகாப்பு. அலைநீளம் இங்கே 2.8 ஃபெர்மி, கருவுக்குள் அது இன்னும் குறுகும். 0.1 ஃபெர்மி படியளவில் ஒருமுறையும் 0.05இல் ஒருமுறையும் ஓட்டி ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். கருவின் நிலை மாறாததாகக் கொள்ளும் ஒற்றைத் தடக் கணக்கு ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் இந்தச் சோதனைகளுக்குச் சோம்பற்பட நியாயமே இல்லை.

இந்நிரலின் உண்மையான வலிமையும், பயனரிடம் அது கேட்கும் உண்மையான விலையும் மீளாச் சிதறலில்தான் வெளிப்படுகின்றன. எறிதுகள் கடந்து செல்லும்போது இலக்குக் கரு கிளர்வுற்ற நிலைக்குப் போகலாம். கூலூம் விசையின் மாறும் மின்புலமும் அதைத் தூண்டலாம். அணுக்கரு விசையும் தூண்டலாம். கரு உருண்டை வடிவிலிருந்து நீள்வதால் எழும் நான்முனைக் கூலூம் பிணைப்பு தொலைவின் கனத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது என்பதால் அதன் கை நெடுந்தொலைவு நீளும். யுரேனியம் 238ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முதல் கிளர்வு நிலை வெறும் 45 கே.இ.வி. உயரத்தில் இருக்கிறது. 65 எம்.இ.வி. ஆக்ஸிஜன் 16 அதன் மீது விழுந்து 20 பாகையில் சிதறுகிறது என்றால், செவ்வியல் பாதையில் அது மிக நெருங்கும் தொலைவே 59 ஃபெர்மி. அணுக்கரு மோதல்களுக்குப் பழகிய கையால் ‘ஆர்மேட்ச்’ 40 ஃபெர்மி என்று எழுதிவிட்டால், துகள் திரும்பிச் செல்லும் இடத்துக்கு உள்ளேயே பிணைப்பை வெட்டிவிட்டோம் என்று ஆகிறது! அந்தக் கோணத்துக்குரிய கோண உந்தமோ 326. எனவே கூட்டலைப் பல நூறு வரை கொண்டுபோக வேண்டும். தற்சுழற்சி 0, 2, 4 கொண்ட நிலைகள் என்று மூன்று மட்டங்களைச் சேர்த்தாலே ஒவ்வொரு மொத்தக் கோண உந்தத்துக்கும் ஒன்பது சமன்பாடுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும்.

இந்தப் பெருஞ்சுமையைத் தாங்க நிரலில் இரண்டு அருமையான ஏற்பாடுகள் உள்ளன. ‘ராசிம்’ என்ற அளவுருவால் தொலைவான ஒரு வெளி ஆரத்தைக் கொடுத்தால், ‘ஆர்மேட்ச்’ வரை சிறு படிகளில் தொகையிட்டுவிட்டு, அதற்கப்பால் அணுக்கரு விசை இல்லாத வெளியில் பிணைந்த கூலூம் சமன்பாடுகளை மட்டும் பெரிய துண்டுகளாகத் தீர்த்துக்கொண்டு போகும். உயர்ந்த கோண உந்தங்களில் சிதறல் அணிகள் (சிதறலின் விடையைத் தாங்கும் எண் தொகுதிகள்) மெதுவாகவே மாறுகின்றன என்பதால், ‘ஜம்ப்’ என்ற அளவுருவைக் கொண்டு பத்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று என்று மட்டும் கணக்கிட்டு, இடைப்பட்டவற்றை இடைச்செருகலால் பெறலாம். இவை இல்லாவிட்டால் கூலூம் கிளர்வைக் குவாண்டம் முறையில் முழுமையாகக் கணக்கிடுவது நடைமுறையில் கட்டுப்படியாகாது. கூலூம் சார்புகளைத் துல்லியமாகக் கணக்கிடும் வழிமுறைகளைத் தாம்சனும் பார்னெட்டும் 1980களில் தனிக் கட்டுரைகளாகவே எழுதியவர்கள். அந்த அக்கறை இந்நிரலின் அடித்தளத்தில் இருப்பதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

பாதுகாப்பான ஆற்றல் என்றொரு வழக்கு இத்துறையில் உண்டு. இரு கருக்களின் விளிம்புகளுக்கு இடையே எப்போதும் 5 ஃபெர்மி இடைவெளியாவது இருக்குமாறு ஆற்றலைக் குறைத்து வைத்தால் அணுக்கரு விசையைப் புறக்கணிக்கலாம் என்பது டக்ளஸ் கிளைனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விதி. ஆக்ஸிஜன் 16, ஈயம் 208 இணைக்கு அந்த எல்லை ஆய்வகச் சட்டகத்தில் சுமார் 65 எம்.இ.வி. அதற்குக் கீழே, கருவின் பல நிலைகளுக்கு இடையிலான மின்காந்த அணி உறுப்புகளை (நிலைமாற்றத்தின் வலிமையைக் குறிக்கும் எண்களை) தரவிலிருந்து பெறுவதுதான் நோக்கம் என்றால், பாதையைச் செவ்வியலாக எடுத்துக்கொள்ளும் கோசியா போன்ற நிரல்தான் பொருத்தமானது. வேகமானது, அந்த வேலைக்காகவே உருவானது. அவ்விடத்தில் ஃப்ரெஸ்கோவைப் பிடிவாதமாகப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லையைத் தாண்டி, இரு விசைகளும் கைகலக்கும் வெளிக்கு வந்த பிறகு செவ்வியல் பாதை போதாது. அங்கே ஃப்ரெஸ்கோவுக்கு நிகராக நான் வேறொன்றைக் கண்டதில்லை.

அந்த வெளியில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடத்தை விரிவாகவே சொல்கிறேன். ஈயம் 208இன் முதல் கிளர்வு நிலை 2.615 எம்.இ.வி.யில் இருக்கும் எண்முனை (எட்டுமுனை) அதிர்வு. அதைக் கிளர்த்தும் கூலூம் பிணைப்பையும் அணுக்கருப் பிணைப்பையும் கோப்பில் தனித்தனி எண்களாகத் தருகிறோம்: ஒன்று மின்காந்த அணி உறுப்பு, மற்றொன்று ஃபெர்மியில் அளக்கப்படும் உருத்திரிபு நீளம். கூலூம் விசை தள்ளுகிறது, அணுக்கரு விசை இழுக்கிறது. ஆகவே உருவம் ஒன்றே மாறும்போது இவ்விரு பிணைப்புகளும் எதிரெதிர்க் குறியில் வந்து, இரு கருக்களும் உரசிச் செல்லும்போது வரும் தொடுகோணத்துக்குச் சற்று முன்னால் ஒன்றையொன்று அழித்து, கோணப் பரவலில் ஒரு பள்ளத்தை உண்டாக்க வேண்டும். இந்த எதிர்க்குறியை நிலையாற்றல்களின் வடிவத்திலிருந்து நிரலே பெற்றுக்கொள்கிறது. நாம் தரும் இரண்டு எண்களும் ஒரே குறியில் இருந்தால் போதும். ஆனால், எதிர்க்குறி வேண்டுமென்று எங்கோ படித்த நினைவில் ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறியிட்டு விடுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது பள்ளம் வர வேண்டிய இடத்தில் மேடு வரும். நிரல் எச்சரிக்காது, எச்சரிக்கவும் முடியாது, ஏனெனில் கணக்கைப் பொறுத்தவரை அதுவும் முறையான கேள்விதான். நான் கையாளும் வழி இது: கூலூம் பிணைப்பை மட்டும் வைத்து ஓர் ஓட்டம், அணுக்கருப் பிணைப்பை மட்டும் வைத்து ஓர் ஓட்டம், இரண்டையும் வைத்து ஓர் ஓட்டம் என மூன்று வரைகோடுகளை ஒரே படத்தில் போட்டுப் பார்ப்பது. மூன்றாவது கோடு முதலிரண்டுக்கும் கீழே தாழும் கோணம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே தரவோடு ஒப்பிடத் தொடங்குவேன்.

தரவோடு பொருத்தும் வேலைக்கு எஸ்ஃப்ரெஸ்கோ என்ற துணை நிரல் வருகிறது. செர்ன் ஆய்வகத்தில் உருவான மினுயிட் என்னும் சிறுமமாக்கும் தொகுப்பை உள்ளே கொண்டு, கணக்குக்கும் தரவுக்கும் உள்ள விலகலை அளக்கும் கை-இருமடியை (χ²) குறைக்கும் அளவுருக்களை அது தேடித் தருகிறது. நன்றாகவே வேலை செய்கிறது, வேகமாகவும் இருக்கிறது. ஆனால் அது கண்டுபிடித்துத் தரும் நிலையாற்றலை ‘உண்மையான’ நிலையாற்றல் என்று எண்ணிவிடக் கூடாது. ஆல்ஃபா சிதறல் கருவின் வாலை மட்டுமே தொட்டுப் பார்க்கிறது என்பதை 1958இலேயே இகோ எடுத்துக்காட்டினார். ஆழத்தை 50இலிருந்து 100 எம்.இ.வி.யாக இரட்டித்து, விளிம்பு எவ்வளவு மெல்லக் குறைகிறது என்பதைக் குறிக்கும் பரவல் அளவு 0.6 ஃபெர்மியாக இருக்கும்போது ஆரத்தை 0.42 ஃபெர்மி மட்டும் குறைத்தால், வெளிவாலில் நிலையாற்றல் மாறுவதே இல்லை; மீள் சிதறல் கோடும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். பொருத்தம் நன்றாக வந்ததைக் கொண்டு உள் ஆழத்தைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

குறைகள் என்று பார்த்தால், கையேடு சுருக்கமானது. ஏற்கெனவே பகுதி அலைகளோடு பழகியவருக்கு எழுதப்பட்டது. பிணைப்புத் தொகுதிகளின் பகுதி, எடுத்துக்காட்டுக் கோப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் விளங்குகிறது. அந்த எடுத்துக்காட்டுகள் நிரலோடு சேர்ந்தே வருவது பெரும் துணை. வெளியீடு பல எண்ணிட்ட கோப்புகளில் சிதறிக் கிடப்பதால் எதில் என்ன இருக்கிறது என்று நினைவில் பதிய நாளாகும். விடைகளின் நிச்சயமின்மையை நிரல் தானாகத் தருவதில்லை. அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டி நாமே மதிப்பிட வேண்டும். அடிப்படைச் சமன்பாடு ஸ்ரோடிங்கருடையது என்பதால், உயர் ஆற்றல் எலெக்ட்ரான் சிதறலுக்கோ, ஒளியின் வேகத்தை நெருங்கும் மோதல்களுக்கோ இது உரிய கருவி அல்ல. பல வகை வினைகளின் குறுக்குவெட்டுகளை மொத்தமாகத் தயாரிக்க வேண்டியவர்களுக்கு டாலிஸ் நிரல் எளிதாக இருக்கும். அதனுள்ளும் ஒளியியல் மாதிரிக் கணக்கைச் செய்வது ரெய்னால் எழுதிய எசிஸ் நிரல்தான்.

மாணவர்களிடம் இதைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கட்டாயம் கொடுக்கலாம் என்பேன். காகிதத்தில் ரூதர்ஃபோர்டு எண்ணைப் போட்டுக் காட்டிய பிறகு கொடுங்கள். துகள்கள் தளர்வாகக் கட்டுண்ட கருக்களின் உடைவைக் கணக்கிட விரும்பும் ஆய்வாளர்களுக்கோ இது ஏறத்தாழ இன்றியமையாதது. போரான் 8இல் கடைசிப் புரோட்டானைப் பிரிக்க 0.137 எம்.இ.வி. போதும், அது ஈயத்தின் மின்புலத்தைக் கடக்கும்போது உடைவதை அளந்துதான், சூரியனுக்குள் பெரிலியம் 7 ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் வீதத்தை மறைமுகமாகப் பெறுகிறார்கள். உடைந்த துண்டுகளின், இடைவெளியின்றித் தொடரும் ஆற்றல் நிலைகளைப் பெட்டிகளாகப் பகுத்து, அனைத்தையும் பிணைத்து, கூலூம் உடைவையும் அணுக்கரு உடைவையும் குறுக்கீட்டோடு சேர்த்துக் கணக்கிட ஃப்ரெஸ்கோவால் முடிகிறது. நேரம் மட்டும் மணிக்கணக்கில் போகும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அத்தகைய கணக்கு ஒன்று பக்கத்துக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளி ஆரத்தை 500 ஃபெர்மியிலிருந்து 1000 ஃபெர்மிக்கு உயர்த்தி மறுபடியும் விட்டிருக்கிறேன். 10 பாகைக்கு மேல் பழைய கோடும் புதிய கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன, 3 பாகைக்குக் கீழே இன்னும் விலகியே இருக்கின்றன. அங்கேயும் படியும் வரை அந்தப் பகுதியை நான் வெளியிடப் போவதில்லை.